வீடற்றோருக்கு வீடு தேடிய மார்ஷா ஜான்சன்

அமெரிக்காவின் எலிசபெத் நகரில், கறுப்பினத் தொழிலாளர் குடும்பமொன்றில் 1945ஆம் ஆண்டு மார்ஷா பி. ஜான்சன் பிறந்தார். ஆண் பிள்ளையாக வளர்க்கப்பட்ட இவர், சிறு வயதிலேயே பெண்ணுடையை விரும்பி ஏளனத்துக்கு ஆளானார். 1963இல் பள்ளிப் படிப்பை முடித்து, 15 டாலரும் ஒரு பை துணியுமாக நியூயார்க் சென்றார். திருநங்கையர்க்கு வேலை கொடுப்பார் அரியர். உடலை விற்றுப் பிழைத்தார். பன்முறை சிறை புகுந்தார். பூக்கடை மேசைகளின் கீழ் உறங்கி, எஞ்சிய மலர்களைத் தலையில் சூடினார்.

1969 ஜூன் 28 அன்று, தன்பாலின விருப்பினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவலர் புகுந்தபோது மக்கள் எதிர்த்தெழுந்தனர். அப்போராட்டத்தில் மார்ஷா முன்னின்றார். எனினும் அதனைத் தொடங்கிய பெருமையை அவர் ஏற்கவில்லை; தாம் வருமுன்னரே அது மூண்டுவிட்டதெனத் தெளிவுபடுத்தினார்.

1970இல் சில்வியா ரிவேராவுடன் 'ஸ்டார்' அமைப்பை நிறுவினார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளையோர்க்குப் பாழடைந்த கட்டடமொன்றில் புகலிடம் அமைந்தது. அப்பிள்ளைகள் தெருவில் உடலை விற்கலாகாது என்பதற்காக, இவ்விருவரும் அத்தொழிலையே செய்து வாடகை ஈட்டினர். ஒடுக்கப்பட்டோர் அனைவர்க்கும் இலவசக் கல்வியும் மருத்துவமும் வேண்டுமென ஸ்டார் அறிக்கை முழங்கிற்று. 1971இல் அவ்வீடு பறிபோயிற்று.

1973ஆம் ஆண்டுப் பேரணியில் பெண்ணுடை அணிந்தோர்க்கு இடமில்லையென அமைப்பாளர் தடுத்தனர். உரிமை கேட்டவர்களே தம்மினும் எளியோரை விலக்கினர். மார்ஷாவும் சில்வியாவும் பேரணிக்கு முன்னே நடந்து அதற்கு விடையளித்தனர்.

'ஹாட் பீச்சஸ்' கலைக்குழுவில் மார்ஷா பாடி நடித்து மக்களை மகிழ்வித்தார். எய்ட்ஸ் நோய் பரவியபோது, பலரும் அஞ்சி ஒதுங்கிய நண்பர்களின் படுக்கையருகே அமர்ந்து பணிவிடை செய்தார். மருந்தும் சிகிச்சையும் கோரிய 'ஆக்ட் அப்' இயக்கத்திலும் பங்கேற்றார். 1990இல் அந்நோய்க் கிருமி தம்மையும் பற்றியதை அறிந்த பின்னரும் தொண்டை விடவில்லை.

1992 ஜூலை 6 அன்று ஹட்சன் ஆற்றில் அவர் உடல் மிதந்தது. தற்கொலையென்று காவல்துறை முடித்ததை நண்பர்கள் ஏற்கவில்லை. அவர்தம் இடைவிடாத முயற்சிக்குப் பின் 2012இல் வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. 2020இல் புரூக்ளின் பூங்காவொன்று அவர் பெயரைத் தாங்கிற்று.

இளைஞர்களே! உறங்க இடமில்லாதவர் பிறர்க்கு இடம் தேடிய வரலாறு இது. நம் அணிவகுப்பிலும் கடைசியில் நிறுத்தப்பட்டவர் யாரென்று திரும்பிப் பார்ப்போம். அவரை முன்னே அழைப்போம்.