கொக்கோ காசும் பள்ளிக்கூடமும்

நம் தோட்டங்களில் குலை குலையாய்க் காய்க்கிற செம்பனைக்குப் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கேயுள்ள நைஜீரியா நாட்டில் செம்பனையும் உண்டு, ரப்பரும் உண்டு, கொக்கோவும் உண்டு. அதிலும் யொருபா இன மக்கள் வாழும் மேற்குப் பகுதியில் கொக்கோதான் சோறு போட்ட பயிர். அந்தக் கொக்கோ காசை வைத்து ஒரு தலைவர் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அதே காசில் கட்சியையும் வளர்த்தார் என்று அவர் மேல் பழி வந்தது. ஒபாபெமி அவோலோவோ என்பது அவர் பெயர். தன் உழைப்புக் காசு எங்கே போகிறது என்று யோசிக்கிற எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை அவருடையது.

அவோலோவோ 1909ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி இக்கென்னே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. பையனுக்குப் பதினோரு வயது நடக்கும்போது, 1920இல், தகப்பனார் கண்ணை மூடிவிட்டார். அதோடு படிப்பும் ஆட்டம் கண்டது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வழியில்லை. பையன் பிறத்தியார் வீட்டில் எடுபிடி வேலை செய்தும், கிடைத்த கூலிக்கு உழைத்தும் விட்டு விட்டுப் படித்தான். கையில் காசு இருக்கிற மாதம் வகுப்பு, இல்லாத மாதம் வேலை. இந்த வேதனை அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. பின்னாளில் அவர் செய்த பெரிய காரியத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. வாத்தியார், சுருக்கெழுத்தர், கல்லூரியில் கிராணி, பத்திரிகை நிருபர், கொக்கோ வாங்கி விற்கும் வியாபாரி என்று பல வேஷம். கொக்கோ விலை விழுந்தபோது நஷ்டப்பட்டுக் கடனாளியாகவும் ஆனார். விலை ஏறி இறங்கினால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைப் பட்டே அறிந்தவர் அவர். லாரி ஓட்டுவோர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். 1943இல் நைஜீரியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியபோது முன்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். வீட்டில் இருந்தபடியே தபால் வழியில் லண்டன் பல்கலைக்கழகத்து வணிகப் பட்டம் வாங்கினார். 1944இல் கப்பலேறி லண்டன் போய், இரண்டே வருஷத்தில் வக்கீலாகத் திரும்பினார். அந்தக் காலமெல்லாம் ஊரில் வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர் அவருடைய மனைவி ஹன்னா அம்மையார்.

1951இல் அவர் தலைமையில் ஆக்ஷன் குரூப் என்ற கட்சி வெளிப்பட்டது. அப்போது நாடு பிரிட்டிஷ்காரன் கையில் இருந்தாலும், மாகாண ஆட்சி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர்த் தலைவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. 1954இல் அவோலோவோ மேற்கு மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அடுத்த வருஷம் ஜனவரியிலேயே தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்று திட்டத்தைத் தொடங்கிவிட்டார். 1954இல் சுமார் 4 லட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகள் படித்த இடத்தில் 1955இல் 8 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் பற்றாக்குறை, கட்டடப் பற்றாக்குறை, குறை சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் அப்பன் செத்துப்போனான் என்பதற்காக ஒரு பிள்ளை பள்ளி வாசலில் நின்று திரும்ப வேண்டிய நிலைமை மாறிப்போச்சு.

இதெல்லாம் சும்மா நடந்து விடுமா? பணம் வேண்டுமே! பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று தனி வரி போட்டார்கள். ஜனங்களுக்குக் கோபம் வந்தது. 1954 கடைசியில் நடந்த மத்தியத் தேர்தலில் அவர் கட்சி சொந்த மாகாணத்திலேயே தோற்றது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு, 1956 மாகாணத் தேர்தலில் ஜனங்கள் அவரை மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள்.

வரிப் பணத்தைவிடப் பெரிய பணம் ஒன்றும் இருந்தது. அதுதான் கொக்கோ பணம். அங்கே கொக்கோ பெரிய துரைமார் தோட்டத்தில் விளையவில்லை. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த சிறு விவசாயிகள்தாம் விளைவித்தார்கள். ஆனால் அவர்கள் கொக்கோவை இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு விற்க முடியாது. அரசாங்கத்தின் விற்பனை வாரியம்தான் வாங்கும். பருவம் தொடங்கும்போதே வாரியம் ஒரு விலையைச் சொல்லிவிடும். உலகச் சந்தையில் அதைவிடக் கூடுதலாய் விற்றால், மிச்சத்தை வாரியமே வைத்துக்கொள்ளும். விலை விழுகிற காலத்தில் அந்தச் சேமிப்பை எடுத்து விவசாயியைக் கைதூக்கி விடவேண்டும் என்பது ஏற்பாடு. 1954இல் மேற்கு மாகாண வாரியத்துக்கு வந்து சேர்ந்த சேமிப்பு மட்டும் சுமார் 3 கோடியே 40 லட்சம் பவுன். அவ்வளவும் விவசாயியின் வியர்வை.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி ரோடாகவும் கட்டடமாகவும் மாகாண வளர்ச்சிக்குப் போனது. அதை ஊரே பார்த்தது. இன்னொரு பகுதி போன வழியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

1959இல் அவோலோவோ முதலமைச்சர் பதவியைத் தன் துணைவரான சாமுவேல் அகிந்தோலாவிடம் விட்டுவிட்டு மத்தியத் தேர்தலில் நின்றார். பிரதமர் நாற்காலி கிட்டவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1960இல் நாடு சுதந்திரம் பெற்றது. இரண்டு வருஷத்தில் இரு தலைவர்களுக்கும் பகை முற்றியது. 1962 மே மாதம் மாகாணச் சட்டமன்றத்துக்குள்ளேயே நாற்காலி பறந்து அடிதடி ஆயிற்று. மத்திய அரசாங்கம் அவசர நிலையை அறிவித்து மாகாண ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதோடு, வாரியத்தின் கணக்கு வழக்கை அலச நீதிபதி கோக்கர் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷனையும் போட்டது.

கமிஷன் தோண்டத் தோண்டப் பல சங்கதிகள் வெளியே வந்தன. கட்சியின் முக்கியப் புள்ளிகள் நடத்திய ஒரு முதலீட்டு, நிலக் கம்பெனிக்கு வாரியத்துப் பணம் கடனாய்ப் போயிருந்தது. அந்தக் கம்பெனி வழியாகக் கட்சிக் கணக்குக்கு லட்சக்கணக்கான பவுன் போய்ச் சேர்ந்தது என்று கமிஷன் சொன்னது. இதற்கு அவோலோவோவே பொறுப்பு என்றும் தீர்த்துச் சொன்னது. கோடிக்கணக்கில் சேமிப்பு வைத்திருந்த வாரியம் 1962இல் பேங்கில் கடன் வாங்கிக் காலம் தள்ளும் நிலைக்கு வந்திருந்தது. அதற்கு முந்திய வருஷம்தான் கொக்கோ விலை சரிந்து, விவசாயிக்குக் கொடுக்கும் விலையை வாரியம் வெட்டியிருந்தது. மழைக்கென்று வாங்கி வைத்த குடை, மழை வந்த அன்றைக்கு ஓட்டையாய் இருந்த கதைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவருடைய ஆதரவாளர்கள் இதை அரசியல் பழிவாங்கல் என்றார்கள். அதே காலத்தில் முதலமைச்சராய் இருந்த அகிந்தோலாவைக் கமிஷன் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. 1963 ஜனவரியில் அவரே திரும்பவும் ஆட்சியில் அமர்த்தப்பட்டார். எதிர்க்கட்சித் தலைவரை ஒழிக்க மத்திய அரசாங்கம் காரணம் தேடியது என்பதையும் லேசில் தள்ளிவிட முடியாது. ஊழல் குற்றத்துக்காக எந்த நீதிமன்றமும் அவோலோவோவுக்குத் தண்டனை கொடுத்ததில்லை. ஆகவே அவரைத் திருடன் என்று சொல்ல நமக்கு நியாயமில்லை. ஆனால் விவசாயிக்குத் தெரியாமல் விவசாயியின் பணம் கைமாறியது என்று கமிஷன் எழுதி வைத்ததையும் மறைக்க முடியாது.

ஜெயில் வேறு வழக்கில் வந்தது. அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1963 ஜூலையில், மூத்த மகன் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கம் ஆறுமுன் செப்டம்பரில் பத்து வருஷச் சிறைத் தண்டனை. 1966இல் இரண்டு முறை பட்டாளம் புரட்சி செய்தது. அந்த ஆகஸ்டில்தான் புதிய ராணுவத் தலைவர் கோவன் அவரை விடுதலை செய்தார்.

ஜெயிலில் இருந்து வந்தவர் அடுத்த வருஷம் நாட்டின் நிதிப் பொறுப்பையே ஏற்றார். அப்போது கிழக்கே பியாஃப்ரா பிரிந்துபோக, பெரிய உள்நாட்டுப் போர் மூண்டது. வெளிநாட்டுக் கடன் வாங்காமலே போர்ச் செலவைச் சமாளித்தார் என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் பசியால் கிழக்கே எண்ணற்ற பிள்ளைகள் மாண்டார்கள். போர் முடிந்ததும் இக்போ மக்கள் பேங்கில் எவ்வளவு போட்டிருந்தாலும் 20 பவுன்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்த வடு இன்றும் ஆறவில்லை. இக்போ மக்கள் பலர் அவரை மன்னிக்கவும் இல்லை.

இதற்கு நடுவில் நடந்த ஒரு சம்பவத்தை நாம் கவனிக்க வேண்டும். 1968இல் மேற்குப் பகுதி விவசாயிகள் வரிச்சுமை தாங்காமல் கத்தி, துப்பாக்கி ஏந்திக் கிளர்ச்சியில் இறங்கினார்கள். போலீசும் பட்டாளமும் அடக்கிப் பார்த்தும் அடங்கவில்லை. 1969இல் அவர்களிடம் சமாதானம் பேசக் கிராமத்துக்குப் போனவர் அவோலோவோ. அவர் பேச்சைக் கேட்டார்கள், வரியும் குறைக்கப்பட்டது. யாருடைய கொக்கோ காசு மாயமானது என்று கமிஷன் சொன்னதோ, அந்த விவசாயிகளே அவரை நம்பினார்கள்! ஏன்? தங்கள் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் என்ற நன்றிதான்.

ஏழைகளின் இந்த நன்றி பெரிய குணம். அதே நன்றிதான் நம்மைக் கணக்குக் கேட்க விடாமல் வாயைக் கட்டிப் போடுவதும். நல்லவர்தானே, நமக்காகத்தானே செய்கிறார், அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று கூசி நிற்கிறோம். சங்கமானாலும் சரி, கூட்டுறவுக் கடையானாலும் சரி, கோயில் கமிட்டியானாலும் சரி, வருஷக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எழுந்து போய்விடுகிறவர்கள்தாம் நம்மில் அதிகம். கணக்குக் கேட்பது அவமரியாதை ஆகாது. ஒழுங்காய் எழுதிய கணக்கு ஒன்று ஊர் முன்னால் இருந்திருந்தால், கமிஷன் சொன்னது மெய்யா பொய்யா என்று அந்த விவசாயிகளே சொல்லியிருப்பார்கள். நல்ல தலைவருக்கு அதுவே பாதுகாப்பு.

அவோலோவோ 1979இலும் 1983இலும் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். 1987 மே 9ஆம் தேதி பிறந்த ஊரிலேயே காலமானார். இபே நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1999இல் வெளிவந்த 100 நைரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டார்கள். பதவியில் இருந்தவர்கள் பலரை அந்த ஊர் மறந்துவிட்டது. 1955இல் பலகையும் கையுமாய்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மட்டும், தாத்தா பாட்டி ஆன பிறகும் அவரை மறக்கவில்லை. நம் பிள்ளைகளையும் நாம் அப்படிப் படிக்க வைப்போம். கூடவே, கணக்குக் கேட்கவும் பழக்குவோம்.