செய்மதிக்கு வழி சொன்ன கொழும்புவாசி: ஆதர் சி. கிளார்க்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்கு ‘கொமினிகேஷன்’ கடைகள் மறந்திருக்காது. பெட்டி போன்ற சிறிய அறை, கண்ணாடிக் கதவு, கூடிக்கொண்டே போகும் நிமிடக் கணக்கு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் குரல் சில வேளைகளில் ஒரு கணம் பிந்தித்தான் வரும். பதில் இல்லையே என்று தாய் மறுபடி பேசத் தொடங்க, அந்தப் பக்கக் குரலும் வந்து இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் தூரம். செய்மதி வழியாகப் போகும் குரல் சுமார் 36,000 கிலோமீற்றர் மேலே ஏறி, அதே அளவு கீழே இறங்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ கால் விநாடி ஆகும். பதில் வந்து சேர இன்னொரு கால் விநாடி. அந்த உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகத்தை இணைக்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதியவர், வெள்ளவத்தையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், கறுவாத்தோட்டத்துப் பார்ன்ஸ் பிளேஸில்தான் வாழ்ந்தார். அவர் பெயர் ஆதர் சி. கிளார்க்.

1917 டிசெம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கரையோர ஊரில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பல்கலைக்கழகம் போக வசதியில்லாமல் லண்டனில் அரச எழுதுவினைஞராக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் சேர்ந்து, பனிமூட்டத்திலும் விமானங்களைத் தரையிறக்க உதவும் ராடர் கருவிகளோடு பணியாற்றினார்.

போர் முடிந்த கையோடு, 1945 ஒக்டோபரில், ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளியானது. பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில் சுற்றும் பொருளுக்கு, ஒரு சுற்றுக்குப் பூமி எடுக்கும் அதே நேரமே தேவை. ஆகவே தரையிலிருந்து பார்த்தால் அது ஓரிடத்திலேயே நிற்கும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகின் பெரும்பகுதிக்கும் ஒலிபரப்பலாம் என்றார். ஒரு விடயத்தில் மட்டும் அவருடைய கணிப்புத் தவறியது. எரிந்துபோகும் வால்வுகளை மாற்ற அங்கே மனிதர்கள் குடியிருக்க வேண்டும் என்று நினைத்தார். டிரான்சிஸ்டர் இன்னும் வந்திராத காலம் அது. கட்டுரைக்குக் கிடைத்த கூலி 15 பவுண். காப்புரிமை எதுவும் அவர் எடுக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்குள் அது நடந்தது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் செய்மதி வழியாக அமெரிக்கா போயின. 1965இல் ஏவப்பட்ட ‘ஏர்லி பேர்ட்’ 240 தொலைபேசி இணைப்புகளைத் தாங்கியது. இன்று அந்தப் பாதையைக் கிளார்க் சுற்றுப்பாதை என்றும் அழைப்பதுண்டு.

அவரை இலங்கைக்கு இழுத்தது வானம் அல்ல, கடல். 1954இல் அவுஸ்திரேலியா போகும் வழியில் கொழும்பில் இறங்கியவர், 1956இல் இங்கேயே குடியேறினார். அந்த ஆண்டு நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையில் சுழியோடினார். சுவாமி மலையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலுக்குள் கிடப்பதை இருவரும் கண்டார்கள். அதைத் தன் நூலிலும் எழுதினார். 1962இல் போலியோ அவரைத் தாக்கியது. பிற்காலத்தில் அதன் விளைவாகச் சக்கர நாற்காலியில்தான் இருந்தார்.

1975இல் இந்தியா செய்மதி மூலம் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பரீட்சித்தது. அப்போது இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் ஒரு டிஷ் பொருத்தினார்கள். இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது 1979இல்தான். அதற்கு முன்னரே, தான் எழுதிய கருத்து வேலை செய்வதை அவர் தன் வீட்டிலிருந்தே பார்த்தார்.

ஆனால் அதே தீவில், 1990இல் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்தின் தொலைபேசியும் மின்சாரமும் அறுந்தன. லண்டனோடு நிமிடத்தில் பேசக்கூடிய கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேச முடியவில்லை. ஊரிலிருக்கும் பெற்றோரின் செய்தி, ஆட்கள் கையில் கொடுத்துவிட்ட கடிதமாக வெள்ளவத்தைக்கு வந்து, அங்கிருந்து தொலைபேசியில் கனடாவுக்குப் போன காலம் அது. அறிவியல் போட்டுக் கொடுத்த வழியை மனிதர்கள் அடைத்துவிட்டார்கள்.

2007 டிசெம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வெளியிட்ட செய்தியில் கிளார்க் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கிரக உயிர்களுக்குச் சான்று கிடைக்க வேண்டும். உலகம் எண்ணெயை விட்டுத் தூய சக்திக்கு மாற வேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். இங்கே வாழ்ந்த ஐம்பது ஆண்டுகளில் பாதியைப் போரின் சாட்சியாகக் கழித்துவிட்டேன் என்று வருந்தினார். அடுத்த மாதமே போர்நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்தது. 2008 மார்ச் 19ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார். அவர் எழுதிவைத்தபடியே, எந்தச் சமயச் சடங்குமின்றி பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன்பின் வந்த பதினான்கு மாதங்களை எங்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கடைசி மாதங்களில் வன்னிக்குள்ளிருந்து வெளியே பேச இருந்த வழி பெரும்பாலும் சில செய்மதித் தொலைபேசிகள்தான். கொட்டாஞ்சேனையிலும் ரொறன்ரோவிலும் எத்தனையோ வீடுகளில் இரவிரவாக அந்த ஒரு அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். சிலருக்குக் குரல் வந்தது. சிலர் இன்றும் காத்திருக்கிறார்கள்.