ஸ்டேஷன் போர்டில் இருக்கும் உயரக் கணக்கு: 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த ராதாநாத் சிக்தரின் கதை

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகும்போது ஸ்டேஷன்களின் மஞ்சள் போர்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஊர்ப் பெயர் மூன்று மொழிகளில் பெரிதாக இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று ஒரு எண் இருக்கும். சென்னை சென்ட்ரலில் அது வெறும் சில மீட்டர்தான். ஜோலார்பேட்டை தாண்டி ரயில் மேலே ஏற ஏற எண்ணும் ஏறும். பெங்களூரில் இறங்கும்போது சுமார் 900 மீட்டர்.

ஏப்ரல் மாதத்தில் சென்னையில் வியர்த்து வழிந்துவிட்டு பெங்களூரில் இறங்கினால் சாயங்காலம் கொஞ்சம் இதமாக இருக்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்த எண்தான். பொதுவாக ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், ஏரி எங்கே நிரம்பும், வடிகாலை எந்தத் திசையில் வெட்டணும் என்பதையும் உயரம்தான் முடிவு செய்கிறது.

சரி, கடலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரில் நின்றுகொண்டு, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இன்று சாட்டிலைட் இருக்கிறது. 200 வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவை மனித மூளைகள். அந்த மூளைகளில் முக்கியமான ஒன்று, கொல்கத்தாவைச் சேர்ந்த ராதாநாத் சிக்தருடையது.

பரங்கிமலையில் தொடங்கிய கோடு

கதை தொடங்குவது நம்ம ஊரில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். இரும்புச் சங்கிலியை வைத்து அளந்த அந்த ஒரு கோட்டுக்கே 57 நாள் ஆனது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பள்ளிக்கூட டிரிக்னாமெட்ரிதான். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே இமயமலை வரைக்கும் போனார்கள். தூரத்தோடு சேர்ந்து உயரமும் புள்ளிக்குப் புள்ளி கடந்து போனது. இதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் சர்வே. 1823-ல் லாம்டன் வழியிலேயே இறந்துபோனார். பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்கு வந்தது.

களத்தில் கோணத்தை அளப்பது ஒரு பாதி வேலை. அந்தக் கோணங்களை வைத்துக் கணக்குப் போடுவது மறுபாதி. அதற்கு ஆள் தேவைப்பட்டது.

கம்ப்யூட்டர் என்ற வேலை

ராதாநாத் 1813 அக்டோபரில் கொல்கத்தாவின் ஜோராசங்கோ பகுதியில் பிறந்தார். அப்பா பெயர் தித்துராம். படித்தது இந்து காலேஜில். அங்கே டெரோசியோ என்ற இளம் ஆசிரியர், எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று மாணவர்களைத் தூண்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாணவர் கூட்டம் பின்னாளில் இளம் வங்காளம் என்று பெயர் பெற்றது. ராதாநாத்தும் அதில் ஒருவர். கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜான் டைட்லர். நியூட்டனின் பிரின்சிபியாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பையன் தேறியிருந்தார்.

கோள முக்கோணவியல் தெரிந்த இளைஞர் யாராவது கிடைப்பாரா என்று எவரெஸ்ட் தேடினார். டைட்லர் கைகாட்டியது ராதாநாத்தை. 1831 டிசம்பர் 19 அன்று, 18 வயதில், சர்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் கம்ப்யூட்டர். அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் மெஷின் கிடையாது, உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதர். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

வேலையில் அவர் காட்டிய வேகமும் துல்லியமும் எவரெஸ்டை அசரவைத்தன. ஏற்கெனவே இருந்த வழிமுறைகளை அப்படியே பின்பற்றுவதோடு நிற்காமல், தேவைப்பட்ட இடத்தில் புது வழிமுறைகளையும் உருவாக்கினார். விளைவு என்ன தெரியுமா? நல்லா வேலை செய்கிறவருக்கு ரிலீவிங் ஆர்டர் கிடைக்காது என்பது அன்றைக்கும் உண்மையாக இருந்தது. டெபுடி கலெக்டர் வேலைக்குப் போக சிக்தர் விரும்பியபோது, எவரெஸ்ட் குறுக்கே வந்தார். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போக முடியாது என்ற விதியைக் காட்டி அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

200 ரூபாய் அபராதம்

கணக்குப் புத்தகத்தோடு மட்டும் வாழ்ந்த மனிதர் இல்லை இவர். 1843-ல் டேராடூனில் ஒரு சம்பவம். சர்வே துறையின் தொழிலாளர்களை மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் தன் சொந்தச் சாமான்களைத் தூக்கவைத்தார், கூலியே இல்லாமல். சிக்தர் அதைத் தட்டிக்கேட்டார். சாமான்களையும் தடுத்து நிறுத்தினார். வழக்கு அவர் மேலேயே திரும்பியது. 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 30 ரூபாயில் வாழ்க்கையைத் தொடங்கியவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் விஷயம் கொல்கத்தா பத்திரிகையில் விரிவாக வெளியானது. சுமைகூலிகளுக்காக ஓர் இந்திய ஊழியர் வெள்ளைக்கார அதிகாரியை எதிர்த்து நின்றது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

பதினைந்தாம் சிகரம்

எவரெஸ்ட் 1843-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா. 1849-ல் சிக்தர் கொல்கத்தா அலுவலகத்துக்குத் தலைமைக் கம்ப்யூட்டராக மாறினார்.

அந்தச் சமயத்தில் சர்வே குழுக்கள் இமயமலையின் அடிவாரத்துக்கு வந்துவிட்டன. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அதனால் பீகார் சமவெளியில் நின்றுகொண்டு, சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் தெரிந்த பனிமலைகளைத் தியோடலைட் கருவியால் குறிபார்த்தார்கள். ஜேம்ஸ் நிக்கல்சன் ஆறு இடங்களிலிருந்து ஒரு சிகரத்தை அளந்தார். மலேரியா அவரை முடக்கியது. அளவுகள் மட்டும் கணக்காளர்களிடம் வந்து சேர்ந்தன. சர்வே பதிவுகளில் அந்தச் சிகரத்துக்கு அப்போது பெயர்கூட இல்லை, வெறும் எண் 15.

இதில் கணக்கு எங்கே கஷ்டம்? முதலில், பூமி உருண்டை. 180 கிலோமீட்டர் தூரத்தில் பூமியின் வளைவு மட்டுமே சுமார் இரண்டரை கிலோமீட்டரை மறைத்துவிடும். அதைத் திரும்பச் சேர்க்கணும். அடுத்து, காற்று. மலையிலிருந்து வரும் ஒளி, அடர்த்தி கூடிக்கொண்டே வரும் காற்றில் வளைந்து வருகிறது. அதனால் சிகரம் உண்மையைவிடச் சில நூறு மீட்டர் உயரமாகத் தெரியும். அதைக் கழிக்கணும். எவ்வளவு கழிப்பது என்பது அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம், பார்த்த நேரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கூட்டுவதிலோ கழிப்பதிலோ சின்னத் தப்பு நடந்தாலும் விடை எங்கேயோ போய்விடும்.

பல வருஷக் கணக்குக்குப் பிறகு 1856-ல் வா அறிவித்த விடை 29,002 அடி. சுமார் 8,840 மீட்டர். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சாட்டிலைட் உதவியோடு அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். வித்தியாசம் 9 மீட்டர்தான்.

அப்போ கண்டுபிடித்தது யார்?

இணையத்தில் ஒரு கதை அடிக்கடி சுற்றும். ஒரு நாள் காலையில் சிக்தர் மேலதிகாரியின் அறைக்குள் ஓடிப்போய், உலகத்திலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னதாக. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடம் பொருந்தவில்லை. சிக்தர் அப்போது கொல்கத்தாவில், வா இருந்ததோ டேராடூனில். டேராடூன் அலுவலகத்தில் ஜான் ஹென்னஸி உள்ளிட்டவர்களும் இதே கணக்கில் உழைத்தார்கள். இது ஒரு நாளில், ஒரு மனிதர் போட்ட கணக்கு இல்லை.

அதனால் சிக்தரின் பங்கு குறைந்துவிடுமா? இல்லை. தலைமைக் கம்ப்யூட்டர் அவர்தான். துறை முழுக்கப் பயன்படுத்திய கணக்கு முறைகளில் அவர் கை இருந்தது. ஆனாலும் சிகரத்துக்கு வா வைத்தது, அந்த மலையை அளந்தே பார்க்காத ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை. அந்தப் பெயரை எவரெஸ்டே முதலில் விரும்பவில்லை. 1865-ல் லண்டனின் ராயல் புவியியல் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

காற்றை எடை போட்டவர்

1852-ல் கொல்கத்தா வானிலை ஆய்வகத்தின் பொறுப்பும் சிக்தரிடம் வந்தது. இதற்கும் உயரத்துக்கும் தொடர்பு உண்டு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். முக்கோணம் போட வசதியில்லாத மலை ஊர்களில் பாரோமீட்டரை வைத்தே உயரத்தைக் கணித்தார்கள். ஆனால் பாரோமீட்டரில் இருக்கும் பாதரசம் வெயிலில் விரிவடையும், பக்கத்தில் இருக்கும் பித்தளை அளவுகோலும் விரிவடையும். சிம்லாவில் எடுத்த அளவையும் கொல்கத்தாவில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட முடியாது. எல்லா அளவுகளையும் ஒரே வெப்பநிலைக்கு, அதாவது பனிக்கட்டி உருகும் நிலைக்கு, மாற்றிக்கொள்வதற்கான சூத்திரத்தை சிக்தர் உருவாக்கினார்.

இன்னொரு பக்கம், 1854-ல் நண்பர் பியாரி சந்த் மித்ராவோடு சேர்ந்து மாசிக் பத்ரிகா என்ற வங்காள மாத இதழைத் தொடங்கினார். பண்டிதர் நடையை ஒதுக்கிவிட்டு, வீட்டில் இருக்கும் பெண்களும் படித்துப் புரிந்துகொள்ளும் பேச்சு நடையில் எழுதுவதுதான் அந்த இதழின் நோக்கம்.

1862-ல் ஓய்வு பெற்றார். பிறகு கொல்கத்தாவில் இன்றைக்கு ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ் என்று அறியப்படும் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1864-ல் ஜெர்மனியின் ஓர் அறிவியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1870 மே 17 அன்று சந்தன்நகரின் கோந்தல்பாராவில் காலமானார்.

மூன்றாம் பதிப்பில் காணாமல்போன பெயர்

கதை அங்கே முடியவில்லை. 1851-ல் இந்திய சர்வே துறைக்கென்று ஒரு கையேடு வெளியானது. தொகுத்தவர்கள் துலியர், ஸ்மித் என்ற இரண்டு அதிகாரிகள். அதில் கணக்கு சம்பந்தப்பட்ட முக்கியப் பகுதிகளை எழுதியது சிக்தர். முதல் பதிப்பின் முன்னுரையில் அதைத் தெளிவாகச் சொல்லி நன்றியும் தெரிவித்திருந்தார்கள்.

1875-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. சிக்தர் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுதிய பகுதிகள் அப்படியே இருந்தன. முன்னுரையில் அவர் பெயர் மட்டும் இல்லை.

அடுத்த வருஷம் ஃபிரண்ட் ஆஃப் இந்தியா என்ற ஆங்கிலப் பத்திரிகை இதைக் கடுமையாகக் கண்டித்தது. செத்துப்போனவரிடம் கொள்ளையடிப்பதற்குச் சமம் என்கிற அளவுக்குப் போனது. எவரெஸ்ட் சிகரத்துக்கு யார் பெயர் வைத்திருக்கணும் என்பதில் வாதம் செய்ய இடமுண்டு. பல பேர் சேர்ந்து போட்ட கணக்கு அது. ஆனால் இந்தக் கையேட்டு விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை. யார் எழுதினார் என்பது முதல் பதிப்பிலேயே அச்சில் இருக்கிறது.

2004-ல் மாபெரும் முக்கோணவியல் சர்வேயை நினைவுகூர்ந்து இந்திய அஞ்சல் துறை தபால்தலைகளை வெளியிட்டது. அதில் திபெத்தை நடந்தே அளந்த நைன் சிங்கோடு ராதாநாத் சிக்தரும் இடம்பெற்றார். மூன்றாம் பதிப்பில் பெயர் போய் அப்போது 129 வருஷம் ஆகியிருந்தது.