நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ்

சூழ்ச்சியும் துணிவும் ஒருங்கே வாய்ந்த ஒருவனைக் கண்டால், அவன் பெரிய எம்டன் என்று கூறுவது நம் ஊர்களில் வழக்கம். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் அருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர், இவ்வாறு நம் மொழியில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அதே கப்பல் அடுத்த திங்களில் செய்த மற்றொரு செயலை நம்மவருள் அறிந்தவர் சிலரே. கிளான் கிராண்ட் என்னும் ஆங்கிலேயச் சரக்குக் கப்பலை அது கடலில் மறித்து, ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலை மூழ்கடித்தது. அதில் பொன்னும் மணியும் இருக்கவில்லை; இருந்தவற்றுள் சில பெட்டிகளில் உலகப் பெருநகரங்களின் வரைபடங்களும் ஓவியங்களும் ஒளிப்படங்களும் இருந்தன. ஒரு முதியவர் பல்லாண்டுகள் அலைந்து திரட்டிய செல்வம் அது. சென்னையில் கண்காட்சியாக வைப்பதற்கென அனுப்பப்பட்டு வந்துகொண்டிருந்தது.

அம்முதியவரே பேட்ரிக் கெடிஸ். அப்போது அவருக்கு வயது அறுபது. சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று, மூத்த மகன் அலாஸ்டெயரை உடன் அழைத்துக்கொண்டு அவர் இந்தியா வந்து சேர்ந்திருந்தார். சரக்கு கடலடியில் போயிற்று என்னும் செய்தி கேட்டு அவர் திரும்பிவிடவில்லை. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் விரைந்து இரண்டாவது தொகுதி ஒன்றைத் திரட்டி அனுப்பினர். 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தே தீர்ந்தது.

நகரங்களின் எதிர்காலத்தைக் கற்பனை செய்தோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் வெற்றுத்தாளை விரித்து, அதன்மேல் அளவுகோலை வைத்து, இல்லாத ஊரை வரைந்தவர்கள். கெடிஸ் இருக்கும் ஊரின் சந்துகளில் நடந்தவர். நடந்தபின்னரே தாளை விரித்தவர். இவ்வேறுபாட்டை விளக்குவதற்காகவே அவர் வரலாற்றை நாம் இம்மலரில் எழுத முற்படுகின்றோம்.

ஸ்காட்லாந்து நாட்டில் பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854 அக்டோபர் 2ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் படைவீரர். பெர்த் நகரை ஒட்டிய குன்றின் சரிவில், தோட்டம் சூழ்ந்த சிறுவீட்டில் இளமை கழிந்தது. சிறிது காலம் வங்கியில் வேலை பார்த்தார். தாவரவியல் பயில எடின்பரோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர் ஒரே வாரத்தில் வெளியேறினார். பின்னர் லண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. பிற்காலத்தில் இரு பல்கலைக்கழகக் கல்விநிலையங்களில் பேராசிரியராக வீற்றிருந்தவர் பட்டதாரியே அல்லர் என்பது, தேர்வு முடிவுகளை எண்ணி உறக்கம் இழக்கும் நம் மாணவர்கட்குச் சற்று ஆறுதல் தரக்கூடும். எனினும் அவ்வழியைப் பின்பற்றுமாறு நாம் பரிந்துரைக்கவில்லை!

1879இல் உயிரினங்களை ஆராய மெக்சிகோ சென்ற இடத்தில் அவருக்குப் பார்வை மங்கிற்று. இருட்டறையில் பல வாரங்கள் அடைந்து கிடக்க நேர்ந்தது. அடைத்த சன்னலின் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தபோது, அக்கட்டங்களைப் போலவே எண்ணங்களையும் கட்டங்களில் அடுக்கி ஒன்றோடொன்று பொருத்திக் காணலாமே என்னும் எண்ணம் அவருக்கு உதித்ததாம். அன்று முதல் தாளைக் கட்டங்களாக மடித்துச் சிந்திப்பது அவர்தம் வாழ்நாள் பழக்கமாயிற்று. பார்வை மீண்டது, ஆயினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்க அக்கண்கள் இடந்தரவில்லை. நுண்ணுயிர்களை நோக்க இயலாதவர், மனிதர் கூடிவாழும் ஊர் என்னும் பேருயிரை நோக்கலானார்.

1886இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தார். செல்வர்கள் எடின்பரோவின் புதுநகருக்குக் குடிபெயர்ந்துவிட, பழைய நகர் ஏழைகளின் நெரிசலிலும் அழுக்கிலும் அமிழ்ந்திருந்த காலம் அது. மணமக்கள் இருவரும் புதுநகரில் வீடு பார்க்காமல், பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெரிசல் மிகுந்த குடியிருப்பிலேயே குடியேறினர். அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைத் தூய்மை செய்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர். சன்னல்களில் பூச்செடி வைத்தனர். மிகவும் சிதைந்த ஓரிரு கட்டடங்களை மட்டும் அகற்ற, மற்ற வீடுகளுக்குக் காற்றும் கதிரொளியும் கிட்டின. நோயுற்ற உறுப்பை மட்டும் நீக்கி உடலைக் காக்கும் அறுவை மருத்துவரின் முறை இது. பின்னாளில் அவரும் இதனை அறுவை மருத்துவத்தின் பெயராலேயே வழங்கினார்.

1892இல் அந்நகரின் உயர்ந்த பகுதியில் நின்ற கோபுரம் ஒன்றை வாங்கி, ஒரு விந்தையான காட்சியகத்தை அமைத்தார். பார்வையாளரை முதலில் உச்சிக்கே அழைத்துச் செல்வார். அங்கே இருட்டறையில், ஆடியின் வழியாக, எடின்பரோ நகரம் வெண்மேசைமேல் உயிரோடு அசைவதைக் காட்டுவார். பின்னர் ஒவ்வொரு தளமாக இறங்க இறங்க நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் எனக் காட்சி விரிந்துகொண்டே செல்லும். நடுவே ஒரு நாற்காலி மட்டும் இடப்பட்ட வெற்றறை ஒன்றும் உண்டு. கண்டவற்றை அமர்ந்து எண்ணிப் பார்ப்பதற்காக. டன்டீ நகரில் 1888 முதல் 1919 வரை அவர் தாவரவியல் பேராசிரியர். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்னும் ஏற்பாடு இருந்ததால், எஞ்சிய திங்களெல்லாம் நகரங்களுக்கே உரியவாயின.

1915இல் அவர்தம் தலையாய நூல் வெளிவந்தது. நகரங்களின் படிமலர்ச்சி என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். இருப்புப்பாதையும் தொழிற்சாலையும் பெருகப் பெருக, அடுத்தடுத்துள்ள ஊர்கள் எல்லை அழிந்து ஒரே பெருநகர்க் கூட்டமாக இணைந்துவிடும் என்று அதில் கணித்தார். அதற்கொரு புதிய ஆங்கிலச் சொல்லையும் ஆக்கித் தந்தார். அமெரிக்காவின் கீழைக் கடற்கரை நெடுகிலும் நூற்றுக்கணக்கான கல் தொலைவுக்கு ஒரே நகரம் நீளும் நாள் வரும் என்று அன்றே எழுதினார். பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரை அது அவ்வாறே ஆயிற்று. நம் சென்னை தாம்பரத்தையும் ஆவடியையும் அணைத்துக்கொண்டதைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது, 1915இல் வியப்பளித்தது.

இனி அவர்தம் இந்தியப் பணிக்கு வருவோம். 1915 தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஐம்பது ஊர்களை அவர் ஆராய்ந்தார். தஞ்சை, மதுரை, சேலம், பல்லாரி ஆகியவை தொடக்கத்திலேயே அவர் நடந்த ஊர்கள். பொழுது புலருமுன் புறப்படுவார். உடன்செல்லும் இளைஞர்கள் களைத்து அமர்ந்தாலும் நடை நிற்காது. எந்தச் சந்து எங்கே திரும்புகிறது, எந்தக் கிணற்றடியில் பெண்கள் கூடுகின்றனர், எந்த மரத்தடியில் முதியோர் அமர்கின்றனர் என்பனவெல்லாம் குறிப்பேட்டில் ஏறும்.

அக்கால நகராட்சிப் பொறியாளர் பலர் நெரிசலுக்குக் கண்ட மருந்து ஒன்றே. குடியிருப்பின் குறுக்கே நேர்கோடாக அகலச் சாலை ஒன்றை வெட்டுவது! அச்சாலைக்காக வீடிழந்தோர் எங்கே போவர்? அடுத்த தெருவில் நெருங்கிப் புகுவர்; அங்கே நெரிசல் இரட்டிக்கும். தஞ்சையில் இத்தகைய திட்டம் ஒன்றை ஆராய்ந்த கெடிஸ், பாழடைந்த சில மனைகளை மட்டும் வெளியாக்கி, இருக்கும் சந்துகளை ஆங்காங்கே சிறிது அகலப்படுத்தி, கிடைத்த இடத்தில் மரம் நட்டால் போதும் என்று வரைந்து காட்டினார். செலவோ பொறியாளர் கேட்டதில் ஒரு சிறு பங்கே. லாகூரில் பழைய குடியிருப்பு ஒன்றைப் பள்ளிவாசல், கோயில், அடக்கத்தலம், கடை, வீடு என எதனையும் விடாமல் துடைத்தெறியும் திட்டத்தைக் கண்டபோது அவர் கொண்ட சினம், அவ்வூர் அறிக்கையின் பக்கங்களில் இன்றும் சூடாறாமல் உள்ளது.

குளங்களைப் பற்றி அவர் கூறியது நமக்கு மிகவும் வேண்டுவது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதே அந்நாளைய அறிவியல் எனக் கருதப்பட்டது. உயிரியல் பயின்ற கெடிஸ் இதனை மறுத்தார். மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை உண்டுவிடும். குளமோ பெருமழை நீரைத் தாங்கும், காற்றைக் குளிர்விக்கும், கிணறுகளுக்கு ஊற்றளிக்கும் என்றார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, தூர்ந்துபோன ஏரிகளின் பெயர்களை நாம் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தோம். அவ்வறிவுரை நூறாண்டுகட்கு முன்னரே நம் மாநிலத்தில் நடந்து திரிந்த ஒருவரால் எழுதப்பட்டிருந்தது.

1917ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரல் திங்களில் அலாஸ்டெயர் பிரான்சுப் போர்முனையில் வீழ்ந்தார். சென்னைக் கண்காட்சிக்குத் தந்தையின் வலக்கரமாய் நின்ற அதே மகன். செய்தி வந்தபோது அன்னா அம்மையார் காய்ச்சலில் கிடந்தார். அவர் உடல்நிலை தாங்காது என்றெண்ணிக் கெடிஸ் அதனை உரைக்கவில்லை. ஜூன் திங்களில் கல்கத்தாவில் அம்மையார் காலமானார். மகனின் முடிவை அறியாமலே கண்மூடினார். அத்துயரை நெஞ்சில் தாங்கி, மனைவியின் படுக்கையருகே வாய்திறவாது அமர்ந்திருந்த அந்நாட்களைப் பற்றி அவரைக் குறித்தெழுதியோர் யாவரும் தயக்கத்துடனேயே எழுதியுள்ளனர். நாமும் அதற்குமேல் கூறோம்.

அதன்பின்னர் அவர் சென்ற ஊர் இந்தூர். அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. வரைபடத்துடன் தெருவில் திரியும் வெள்ளைத்தாடிக்காரரைக் கண்டு மக்கள் அஞ்சினர். இவரைப் போன்றவர் வந்தால் வீடு இடிபடும் என்பதே அவர்கள் பட்டறிவு. கெடிஸ் அரசரிடம் ஒரு நாளைக்குத் தம்மை அரசராக்குமாறு வேண்டி இசைவு பெற்றார். வரும் தீபாவளி ஊர்வலம் இந்துக்களின் வழமையான பாதையிலும் செல்லாது, முஸ்லிம்களின் வழமையான பாதையிலும் செல்லாது. மிகுந்த வீடுகள் தூய்மை செய்யப்பட்டுள்ள தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பமும் கையுமாக எழுந்தது. குப்பை ஆயிரக்கணக்கான வண்டிகளில் வெளியேறிற்று. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனின் உருவும், பிளேக் எலியின் பேருருவும் இழுத்துவரப்பட்டன. அவற்றின் பின்னே துப்புரவுத் தொழிலாளர் தூய ஆடையும் மாலையும் அணிந்து பெருமிதத்தோடு நடந்தனர். இறுதியில் அரக்கனும் எலியும் எரியூட்டப்பட்டன. நோய் தணிந்தது, அதற்குப் பருவமாற்றமும் துணைநின்றிருக்கலாம். ஆனால் அஞ்சி ஒதுங்கிய மக்கள் அதன்பின் அவரைக் கண்டு கதவடைக்கவில்லை.

அவரிடம் குறைகளும் இருந்தன. எழுத்து கடினமானது, பேச்சோ தாடிக்குள்ளேயே பாதி அமிழ்ந்துவிடும். தொடங்கிய பலவற்றை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவிவிடுவார். நகராட்சிகள் அவர் அறிக்கைகளை வாங்கி அலமாரியில் வைத்தன. அவர் வரைந்தவற்றுள் பெருமளவு நிறைவேறியது 1925இல் டெல் அவிவ் நகருக்கு அளித்த திட்டமே. அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் யூதக் குடியேற்ற இயக்கத்தினர். அந்நகரை ஒட்டியிருந்த தொன்மையான யாஃபாவின் அரபு மக்களுள் மிகப் பெரும்பாலோர் 1948இல் ஊரையே இழந்து வெளியேற நேர்ந்தது. இருக்கும் மக்களை அகற்றாதீர் என்று ஊர்தோறும் மன்றாடியவரின் பெயர் அம்மண்ணோடும் பிணைந்திருப்பதை நாம் வருத்தத்துடனேயே குறிக்கின்றோம்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். இடையே 1921இல் கொழும்பு நகருக்கும் ஒரு திட்டம் எழுதினார். உடல் தளரவே பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் ஒரு கல்லூரி அமைத்து அங்கே தங்கினார். 1932இல் சர் பட்டம் பெற்ற சிறிது காலத்தில், ஏப்ரல் 17ஆம் நாள், அங்கேயே மறைந்தார்.

அவர்தம் இந்திய அறிக்கைகளுள் சில பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் அம்மையார் திரட்டி 1947இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். தஞ்சையைப் பற்றிய பகுதியும் அதில் உள்ளது. நம் துறை மாணவர் எவரேனும் அதனைத் தமிழாக்க முன்வருவாராயின், அடுத்த மலரில் அதற்கென இடம் ஒதுக்கித் தருவோம்.