பூட்டுத் தொழிலாளியின் மகன் கண்ட மின் விதி
ஜோர்ஜ் சைமன் ஓம் (1789 - 1854)

மின்சாரம் பற்றிய பாடநூல் எதனைத் திறந்தாலும் ஓம் என்னும் பெயரை நாம் காண்கின்றோம். விஞ்ஞானம் பயின்ற எம்மவர் பலர் ஓமின் விதியை மனப்பாடம் செய்தவர்களே. ஆயினும், அவ்விதியை வெளியிட்டவர் அதன்பொருட்டுப் புகழ் பெறாது, தம் ஆசிரியப் பதவியையே துறக்க நேர்ந்தமையைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை.

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789 ஆம் ஆண்டு மார்ச் 16 ஆம் திகதி, இன்றைய ஜேர்மனியின் தென்பகுதியிலுள்ள எர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. முறையான கல்வி பெறாத அவர், தாமே கற்றுத் தேர்ந்த கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தம் புதல்வர் இருவருக்கும் புகட்டினார். தாயாரை ஓம் பத்து வயதில் இழந்தார்.

1805 இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த இளைஞர், நடனத்திலும் பனிக்கட்டிச் சறுக்கலிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைக் கழித்தார். தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் வீணாக்குவதைத் தந்தையார் பொறுக்கவில்லை. படிப்பு நின்றது; மகன் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். பாடசாலை ஒன்றிற் கணித ஆசிரியராகவும், பின்னர் நொய்சத்தெல் நகரிலே தனியார் ஆசிரியராகவும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அங்கு உழைத்தார். ஓய்வு வேளைகளில் உயர்கணிதத்தைத் தாமே கற்றார். 1811 இல் ஊர் திரும்பி, தாம் இடையில் விட்டுச்சென்ற அதே பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தும் வறுமை தீரவில்லை. விரிவுரையாளர் பதவியின் ஊதியம் வாழ்க்கைக்குப் போதாமையால், 1813 இல் பாம்பேர்க் நகரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியரானார். 1816 இல் அப்பாடசாலையும் மூடப்பட்டது. 1817 இல் கொலோன் நகரில் நல்லதோர் ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில் வேலை கிடைத்தது. அவருடைய வாழ்வின் திருப்பம் அதுவே.

கம்பி ஒன்றின் நீளம் கூடும்போது அதனூடு பாயும் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்பதை அளக்க அவர் முனைந்தார். அக்கால மின்கலங்களோ சற்று நேரத்தில் வலிமை குன்றுபவை. ஊற்று நிலையாக இராவிடில் அளவீடும் நிலையாக இராது. எனவே 1826 இல், செம்பையும் பிசுமது என்னும் உலோகத்தையும் இரு முனைகளில் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரினாற் சூடாக்கி, மறுமுனையைப் பனிக்கட்டியினாற் குளிர்வித்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாதிருக்க, மின்னழுத்தமும் மாறாதிருந்தது. ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமும் உடைய செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி திரும்பும் அளவைக்கொண்டு மின்னோட்டத்தைக் கணித்தார்.

அதிலிருந்து பிறந்ததே ஓமின் விதி. வெப்பநிலை மாறாதபோது, கம்பியினூடு பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கிடையிலான மின்னழுத்தத்திற்கு நேர்விகித சமமானது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது தடை. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வெளிப்படும்.

இதனை விளக்கி 1827 இல் பேர்ளினில் அவர் வெளியிட்ட நூலுக்குக் கிடைத்த வரவேற்பு குளிர்ந்ததாயிருந்தது. இயற்கையின் உண்மைகளைத் தத்துவ சிந்தனையினாற் காணலாம் என நம்பிய அறிஞர் சிலர், அவருடைய கணித முறையை ஏளனம் செய்தனர். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. மனமுடைந்த ஓம் கொலோன் பதவியைத் துறந்து, பேர்ளினிற் சில மணிநேர வகுப்புகள் நடத்திச் சீவித்தார். 1833 இலேயே நூரென்பேர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் நிலையான பதவி பெற்றார்.

பெரும் பாராட்டு அயல்நாட்டிலிருந்து வந்தது. 1841 இல் இலண்டன் றோயல் சங்கம் தன் உயர் விருதான கொப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. இளமை முதல் அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, மியூனிச்சில் 1852 இற் கைகூடியபோது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளின் பின், 1854 ஜூலை 6 ஆம் திகதி காலமானார். 1881 இற் பரிசில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு அவருடைய பெயரை உறுதிசெய்தது.

அவர் தந்த கணக்கு நமது குளிர்கால அறைக்கும் உரியது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கும். 230 வோல்ற் மின்னழுத்தத்தில் 2000 வாற் வலுவுள்ள சூடாக்கி ஒன்று ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதன் தடை ஏறத்தாழ 26 ஓம். அத்தகைய இரண்டை ஒரே நீட்டிப்பு வயரிற் பொருத்தினால் மின்னோட்டம் 17 அம்பியரைத் தாண்டும். ஜேர்மனியிற் சாதாரண செருகி தாங்குவது 16 அம்பியர். சுவிற்சர்லாந்தில் 10 அம்பியர் மட்டுமே. மேலும், ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841 இற் காட்டியவாறு, மின்னோட்டம் இருமடங்கானால் வயரில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். பலர் ஒன்றாக வாழும் அறைகளிற் கருவியின் அடியிற் பொறித்துள்ள வாற் எண்களைக் கூட்டி, 230 ஆல் வகுத்துப் பார்த்தபின் செருகுவது உயிர் காக்கும்.