நைட்டிங்கேலின் கழிவுநீர்க் கணக்கு

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் விளக்கேந்திய செவிலியின் உருவமே நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பாடநூல்கள் அவரை அங்கேயே நிறுத்திவிட்டன. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் பெரிதும் மதிப்பது வேறொரு நைட்டிங்கேலை. சாக்கடையைக் கணக்கில் கொண்டுவந்தவரை.

1820-இல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்த அவர், வீட்டாரின் எதிர்ப்பை மீறிச் செவிலியரானார். 1854-இல் கிரீமியப் போரின்போது துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு காயங்களைவிட நோய்களே அதிக வீரர்களைக் கொன்றன. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம், கட்டடத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடையைச் சுத்தப்படுத்தியது. ஜூனில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

நாடு திரும்பிய நைட்டிங்கேல் அந்த எண்களை ஆராய்ந்து, வண்ண வரைபடங்களாக்கி ஆட்சியாளர்கள்முன் வைத்தார். பரிவு மட்டும் உயிரைக் காக்காது, வடிகாலும் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. லண்டன் புள்ளியியல் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண்ணும் அவரே.

1859-இல் இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதாரம் குறித்து ஆராய அரச ஆணையம் அமைந்தது. அதில் அவருக்கு உறுப்பினர் பதவி இல்லை; ஆனால், முகாம்களுக்குச் சென்ற வினாப்பட்டியலிலும் வந்த பதில்களின் ஆய்விலும் அவருடைய உழைப்பே மிகுதி. ஆங்கிலேய வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்ததை 1863-இல் வெளிவந்த அறிக்கை காட்டியது. அசுத்தக் குடிநீரும் வடிகாலின்மையும் முக்கியக் காரணங்கள். பத்தாண்டுகளில் அது 18 ஆகக் குறைந்தது. ஊர் சுத்தமாகாமல் முகாம் சுத்தமாகாது என்பதை உணர்ந்த அவர், பிறகு இந்திய மக்களின் சுகாதாரத்துக்காகவும் வாதாடினார்.

சென்னைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1866-இல் இங்கு ஆளுநராக வந்த நேப்பியர், கிரீமியப் போர்க்காலம் முதலே அவருக்கு அறிமுகமானவர்; இங்கிருந்தும் கடிதத் தொடர்பைப் பேணினார். கூவம் கடலில் கலக்குமிடத்தில் நிற்கும் பாலம் அந்த நேப்பியரின் பெயரையே தாங்கியுள்ளது. 1876-78 பஞ்சத்தின்போது நம் உழவர்களுக்காக எழுதிய நைட்டிங்கேல், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்று அவர் நெடுங்காலம் நம்பினார். நோய்க்கிருமிக் கொள்கையை எளிதில் ஏற்கவில்லை. ஆயினும், எண்கள் அவரைச் சரியான தீர்வுக்கே இட்டுச்சென்றன.

அவர் மறைந்த 1910-இல்தான் சென்னையின் புதைசாக்கடை அமைப்பு வடிவமைக்கப்பட்டது. 1961-இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. 1941-லேயே அது 7.77 லட்சத்தைத் தொட்டது. 1961-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. குழாய்கள் தாங்காதது கூவத்துக்கும் அடையாறுக்கும் சென்றது. கழிவை ஆற்றில் விடுபவர் செலவை மிச்சப்படுத்துகிறார். அச்செலவை ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் நோயாகச் செலுத்துகின்றனர்.

நான் வசிக்கும் அசோக் நகருக்கு அருகே நெசப்பாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மேலும் தூய்மையாக்கி ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் 2019-இல் செயல்பாட்டுக்கு வந்தன. இவை பாராட்டத்தக்கவை. ஆனால், நிலையத்தின் கொள்ளளவு ஒரு கணக்கு. நிலையத்தை எட்டாமலே ஆற்றில் கலப்பது இன்னொரு கணக்கு. ஆற்று நீர் குளிக்கத் தக்கதாக இருக்க, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நெறிமுறை.

எந்த வார்டிலிருந்து, எந்தக் கால்வாய் வழியாக, எவ்வளவு கழிவுநீர் ஆற்றை அடைகிறது என்பதை மாதந்தோறும் எளிய வரைபடமாக மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் மக்கள்முன் வைக்க வேண்டும். நைட்டிங்கேல் 19-ஆம் நூற்றாண்டில் தபாலிலேயே அத்தகைய கணக்கைத் திரட்டினார். இன்று நம்மால் இயலாது என்று சொல்வதற்கில்லை.