கார்வரும் காராமணியும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஏறத்தாழ 1864ஆம் ஆண்டில், அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது. தாய் திரும்பவே இல்லை.

கல்வியின்மேல் தீராத வேட்கை கொண்ட அவர் ஊர் ஊராகச் சென்று, துணி வெளுத்தும் சமைத்தும் பொருளீட்டிப் படித்தார். கான்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்று அவருக்கு இடமளித்துவிட்டு, கறுப்பினத்தவர் என்று கண்டதும் வாயிலிலேயே மறுத்தது. பின்னர் அயோவா வேளாண் கல்லூரியில் பயின்று 1896இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே, கறுப்பின மாணவர்களுக்காக அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் நடைபெற்ற கல்வி நிலையத்தில் ஆசிரியரானார். அங்கே ஆய்வுக்கூடம் இல்லை. குப்பையில் எறியப்பட்ட புட்டிகளையும் பாத்திரங்களையும் பொறுக்கியெடுத்துக் கருவிகளாக்கிக்கொண்டார்.

சுற்றிலும் இருந்த நிலமோ, ஆண்டுதோறும் பருத்தியே விளைவித்ததால் தழைச்சத்து வற்றிப்போயிருந்தது. அச்சத்தின் உயிர்நாடி நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே ஆயினும் பயிர்களால் அதை நேரே உட்கொள்ள இயலாது. அவரை, காராமணி, நிலக்கடலை முதலிய பயறுவகைச் செடிகளுக்கோ ஒரு துணை உண்டு. அவற்றின் வேரில் சிறு முண்டுகள் தோன்றும். அவற்றினுள் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தரும். கைம்மாறாகச் செடி அவற்றுக்குச் சர்க்கரை வழங்கும். நன்கு இயங்கும் முண்டை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தோட்டம் வாய்த்தவர்கள் நறுக்கிப் பார்க்கலாம். செருமனியில் ஹெல்ரீகல் 1886இலும், நெதர்லாந்தில் பெயரிங்க் 1888இலும் வெளிப்படுத்திய புத்தம்புதிய அறிவு இது.

அந்த அறிவு ஏழை உழவரின் குடிசைக்குச் செல்லவேண்டும் என்பதே கார்வரின் கவலை. உரம் வாங்க அவர்களிடம் பணமில்லை. பெரும்பாலோர் பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டவர்கள்; கடன் கொடுத்தவர்களோ பருத்தியையே கேட்டனர். விற்க வழியில்லாத காராமணியை எவர் விதைப்பார்? ஆகவே, விற்காவிட்டாலும் உண்ணலாம் என்று காட்டினார் கார்வர். பயிரிடும் முறையோடு சமையல் குறிப்புகளையும் சேர்த்து எளிய சிறுநூல்களாக வெளியிட்டார். எழுத்தறியாதவர்களுக்காக 1906இல் வண்டியொன்றில் விதைகளும் கருவிகளும் ஏற்றப்பட்டுச் சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டன. வேளாண் பள்ளியே வீட்டு வாசலுக்கு வந்தது எனலாம்.

பின்னர்க் கூன்வண்டு பரவிப் பருத்தியை அழித்தது. உழவர் பலர் நிலக்கடலைக்கு மாறினர். 1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் நிலக்கடலையின் பயன்களைக் கார்வர் விளக்கியபின் அவர் புகழ் நாடெங்கும் பரவியது. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் கூறுவது பிழை. மண்வளத்திற்கு நிலக்கடலையைவிடக் காராமணியே பெரிதும் உதவியது என்பதையும் அப்புகழ் மறைத்துவிட்டது. கடலையைச் செடியோடு பிடுங்கிவிடுகிறோம்; காராமணியையோ வேரும் தழையுமாக மடக்கி உழலாம்.

கார்வர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாம் சேமித்த பொருளை டஸ்கீகியில் ஆய்வு தொடர்வதற்காக அளித்துவிட்டு, 1943 சனவரி 5ஆம் நாள் மறைந்தார்.